மூடியைத் திறந்து போட்டவள்

குழாயில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் கரிசல் ஊர் ஒன்றில், தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் போகும் தெருவில், ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்த வேல்ராஜின் மனைவி சண்முகக்கனி இரண்டாவது தடவையாக மாசமாகி, வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த வாரத்தில், இறந்துபோன அவள் மகனின் உச்சந்தலை வாசம் பலசரக்குக் கடை ராசாமணி அண்ணாச்சிக்கு வந்துசேர்ந்தது.

அண்ணாச்சி அப்போது துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை குட்டி இல்லாத மனுஷன், ஐம்பது வயதுவரை ஒரு குழந்தையின் உச்சியை முகர்ந்து பார்த்தவரில்லை. ஆனாலும் தேங்காய் எண்ணெயும் வெயிலும் புழுதியும் லேசான பால்வாடையும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, "செந்தூரன்" என்றார். செந்தூரன் என்பது சண்முகக்கனியின் பையன். மூன்று வருஷத்துக்கு முன்னால், தண்ணீர் வந்த ஒரு நாளில், வீட்டு முற்றத்தில் இருந்த தரைத்தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனவன், அப்போது அவனுக்கு நாலு வயது. இது அவனுடைய வாசம்தான் என்பதும், இது தனக்குச் சொந்தமில்லை, அவன் அம்மாவுடையது என்பதும், இருட்டில் செருப்பு மாட்டும் காலுக்குத் தன் செருப்பு எது அடுத்தவர் செருப்பு எது என்று தெரிவதுபோல அவருக்குத் தெரிந்தது.

மாவு மில் பாண்டியம்மாளிடம் அவர் தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது அவள் மிஷினை நிறுத்தக்கூட இல்லை.

"உங்களுக்கு வாசமா அண்ணாச்சி? எனக்கு முந்தாநேத்தே அவன் காய்ச்சல்ல கெடந்தது வந்துட்டு. ஈரத்துணி போட்டுப் போட்டு எனக்குக் கையே மரத்துப்போச்சு" என்று மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. இஸ்திரி போடும் குருவையாவுக்கு, அவன் முதன்முதலாகக் கட்டில் காலை விட்டுவிட்டுக் கதவுவரை தள்ளாடி வந்தது வந்திருந்தது. பெட்டியைத் தேய்த்துக்கொண்டே இருப்பவர் திடீரென்று ஒரு கையை நீட்டி, "வா, வா, விழமாட்ட, வா" என்பார், வேட்டி கருகும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு அவன் பிறந்த அன்று கேட்ட முதல் அழுகை. மாடி வீட்டுக் கல்லூரி மாணவிக்கு, நகம் வெட்டும்போது ஒவ்வொரு விரலுக்கும் அவன் ஒரு பெயர் வைத்தது. இதில் யாரும் பயப்படவில்லை, கோயிலுக்கு ஓடவில்லை, மந்திரிக்கவில்லை. கல்யாண வீட்டில் இடம் பற்றாமல் அரிசி மூட்டையையும் அண்டாவையும் அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டுவைப்பது போலத்தான் அந்தத் தெரு இதை எடுத்துக்கொண்டது. பாண்டியம்மாள்தான் அதை வாய்விட்டுச் சொன்னாள்: "உள்ள ஒரு பிள்ளை புதுசா வருதுல்லா. எடம் பத்தல. நாலு சாமானை நம்ம வீட்டுல போட்டுவச்சிருக்கா. அவ கேக்கும்போது குடுப்போம்." அதன்பிறகு தெருவுக்குள் தானாகவே ஒரு முறை உண்டாயிற்று. சண்முகக்கனியின் சாமானை அவள் முன்னால் எடுத்துப் பேசுவதில்லை. ஆசைக்கு எடுத்துப் புழங்குவதில்லை. அண்ணாச்சி மட்டும் மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் முகர்ந்துகொள்வார். அதற்குக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது.

சண்முகக்கனிக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உடம்பு கனக்கக் கனக்க மனசு லேசாகிக்கொண்டே வந்தது என்பதுதான். மூன்று வருஷமாக அவள் தலை சீவுவதற்குக்கூட யாராவது சொல்லவேண்டியிருந்தது; வேல்ராஜ் தொட்டியைத் தூர்த்து சிமெண்டு பூசிவிட்ட பிறகும் அந்த இடத்தைத் தாண்டி நடக்காமல் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போய்வந்தவள். இப்போது ஒரு நாள் அதன்மேலேயே நின்று துணி காயப்போட்டாள். இன்னொரு நாள் டிவியில் யாரோ சொன்ன ஒன்றுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்து முடித்து நிமிர்ந்தபோது மாலை போட்ட படத்தில் செந்தூரன் இருந்தான், அவனைப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை.

மறந்துபோய்விட்டது என்று சொல்லமுடியாது. அவனுக்கு என்ன வயது, என்ன கிழமை இறந்தான், என்ன நிறச் சட்டை போட்டு அடக்கம் செய்தார்கள், எல்லாம் தெரிந்தது. ஆனால் அது பேப்பரில் படித்த வேறு யாரோ வீட்டுப் பிள்ளையைப் பற்றித் தெரிந்திருப்பதுபோல இருந்தது. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணீரை வரவழைக்கப் பார்த்தாள். அடுக்களையில் வெங்காயம் இருந்தது, வயிற்றில் பிள்ளை உதைத்தது, தெருவில் ஐஸ் வண்டி போயிற்று, கண்ணீர் வரவில்லை. அவளுக்கு அப்போது வந்தது வேறொன்று. பெற்ற பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவிய பிறகு ஞாபகம் வந்தவளின் பயம்; எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

மாதாந்திரச் சோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா அவளுடைய முதல் பிரசவத்தையும் பார்த்தவர்.

"உன் ஒருத்திக்குன்னு இல்லம்மா" என்றார். "பிள்ளை உண்டானா மூளையில சில எடம் சுருங்குது. ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்காங்க. பிறந்து ரெண்டு வருசம் கழிச்சுப் பாத்தாலும் அப்படியேதான் இருக்கு. சுருங்குதுன்னா கெட்டுப்போகுதுன்னு அர்த்தமில்ல. தேவைப்படாத கிளையை வெட்டிவிட்டா மரம் ஒரு பக்கமா நல்லா வளரும்லா, அதுமாதிரி. பிள்ளை மொகத்தைப் பாத்தே அதுக்கு என்ன வேணும்னு கண்டுபிடிக்கிறதுக்காக அது தன்னைத் திருத்திக்குதுன்னு நெனைக்கிறாங்க."

"வெட்டுனது எங்க போகும் டாக்டரம்மா?"

"அது என் படிப்புல இல்ல" என்றார் டாக்டரம்மா, கையைக் கழுவிக்கொண்டே. "உங்க தெருவுல விசாரிச்சுப் பாரு."

அவள் விசாரித்தாள். அவிழ்ந்துபோன கோழியைத் தேடிப் போவதுபோல வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போய், "யக்கா, எங்கிட்டேருந்து எதும் வந்திருக்கா?" என்று கேட்டாள். "இருக்குடி, பத்திரமா இருக்கு. பிள்ளையைப் பெத்து எந்திரி, தாரோம்" என்றார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு பிரியம் இருந்தது. தன்னுடையதை அவர்கள் தன்னைவிட நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. வெட்கத்தால் முகம் எரிய வீட்டுக்கு வந்தாள்.

பெண் பிள்ளை பிறந்தது. கோமதி என்று பெயர் வைத்தார்கள். டாக்டரம்மா சொன்ன மரம் ஒரு பக்கமாக எப்படி வளர்ந்திருக்கிறது என்பது அதன்பிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதே வீட்டில் தூங்கும் பிள்ளை கால்விரலை மடக்குவது சண்முகக்கனிக்குத் தெரியும். அழுவதற்கு முன்னாலேயே மார்பு நனையும். பசிக்கு அழுவது, வாயு பிடித்து அழுவது, ஈரத்துக்கு அழுவது, சும்மா ஆள் வேண்டும் என்று அழுவது என்று அவளுக்கு அழுகையில் நாற்பது வகை உண்டு. அடுத்த தெருப் பிள்ளைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் பிள்ளையைத் தொடக்கூட மாட்டாள், காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இடது காதுல வலி, மருந்து வாங்கி விடுங்க" என்பாள், அது சரியாக இருக்கும். அவளை வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் அவள் கண் சுவரில் இருந்த படத்துக்குப் போய்வந்தது. இதில் பாதியாவது அன்றைக்கு இருந்திருந்தால், என்று நினைப்பாள். அன்றைக்கு என்ன நடந்தது என்பது மட்டும் அப்போது அவளிடம் இன்னும் இருந்தது. மற்ற எல்லாம் போனபிறகும் அந்த ஒன்று, தொண்டையில் சிக்கிய மீன்முள்போல, அசையாமல் இருந்தது.

பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய மறுவாரம் அண்ணாச்சி அவளைக் கடைக்குள் கூப்பிட்டு, "உன் பொருள் ஒண்ணு எங்கிட்ட இருக்கு தாயி. வேணுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் அந்த வாசத்தைச் சொல்ல ஆரம்பித்தார். எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி வெயிலில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும், தூங்கி எழுந்தால் எப்படி, மழையில் நனைந்து வந்தால் எப்படி என்று அவர் சொல்லச் சொல்ல, அது அவரைவிட்டு அவளிடம் வந்தது. அவள் மளிகைச் சாக்குகளுக்கு நடுவில் நின்று ஏங்கி ஏங்கி அழுதாள், மூன்று வருஷத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக அழுததில்லை. அண்ணாச்சி வெறும் மூக்கோடு நின்றார்.

ஆனால் அன்று முழுவதும் கோமதி அழுதது அவளுக்கு வேன் ஹாரன்போலவும் பாத்திரம் விழும் சத்தம்போலவும்தான் கேட்டது. மார்பு வறண்டது. பிள்ளை வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீறிட்டது. வேல்ராஜ் பால்பவுடர் வாங்க ஓடினான். பிள்ளை நீலம்பாரிக்கிறமாதிரி இருந்தது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றிற்று, பயத்தில் அவள் மனசுக்குள் அந்த வாசத்திடம், 'போ, போயிடு, எனக்கு நீ வேண்டாம்' என்றாள். விடிந்தபோது பால் சுரந்திருந்தது. அண்ணாச்சி கடைப் படியில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். வாசம் அவரிடம் திரும்பி வந்திருந்தது.

தானாகப் போனவை வேறு. இதை அவளே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தாள். தள்ளமுடியும் என்று தெரிந்துகொண்டதுதான் வினையாயிற்று. சில நாள் கழித்து ஒரு மத்தியானம், பிள்ளை பால் குடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தபோது, தொண்டை முள்ளாக இருந்த அந்தக் கடைசி ஒன்றும் இல்லாமல் இருந்தால் என்ன, என்று அவளுக்குத் தோன்றிற்று. 'நீயும் போ' என்று நினைத்தாள். அவ்வளவுதான். போய்விட்டது. எதை வேண்டாம் என்று நினைத்தாள் என்பது மறந்துபோயிற்று. வேண்டாம் என்று நினைத்தது மட்டும் நினைவில் நின்றது.

அது போய்ச் சேர்ந்தது ஜெராக்ஸ் கடை எஸ்தரிடம்.

எஸ்தர் இந்தத் தெருவுக்கு வந்தே ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ரிட்டையரான தன் அம்மா ஞானம்மா டீச்சரோடு வாடகைக்கு வந்து, முன்னறையில் மிஷின் போட்டிருந்தாள். செந்தூரனை அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை. சாத்தூரில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது, பாட்டுப் பாடிக்கொண்டே ஆதார் கார்டு நகல் எடுப்பாள். அவள் ஒரு நாள் உச்சிவெயிலில் மை படிந்த விரல்களோடு சண்முகக்கனியின் வீட்டுக்குள் ஓடிவந்து, பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, நான்தாங்க்கா. நான்தான் மூடியைத் திறந்து போட்டேன். நான்தான் அவனைக் கொன்னுட்டேன்."

சண்முகக்கனிக்கு அந்தக் கணமே புரிந்தது. தொட்டி மூடி திறந்துகிடந்தது ஊருக்கே தெரியும். தண்ணீர் வரும் நாளில் எல்லார் வீட்டிலும்தான் திறந்துகிடக்கும், யார் திறந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. திறந்து போட்டது யார் என்பது இப்போது அவள் காலடியில் கிடந்து அழுதது. அவளுக்கு முதலில் வந்தது, ஐயோ பாவம் என்பதில்லை. அப்பாடா என்பதுதான். நடுமுதுகில் இருந்த சுமையை யாரோ வாங்கிக்கொண்டது போன்ற ஒரு சுகம்.

"நீ ஒண்ணும் செய்யலம்மா. வீட்டுக்குப் போ. போய்த் தண்ணி குடிச்சிட்டுப் படு" என்றாள்.

நான்தான் செய்தேன் என்று அவள் சொல்லவில்லை. எஸ்தர் எழுந்து போனாள். மடியில் கோமதி ஏப்பம் விட்டாள்.

அந்த வாரமே ஜெராக்ஸ் கடை ஷட்டர் இறங்கிற்று. எஸ்தர் சாப்பிடுவதை நிறுத்தினாள். தண்ணீர் லாரி தெருவுக்குள் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் சேலை எடுப்பதைப் பற்றிப் பேச வந்தபோது, அவர்கள் முன்னால் வந்து நின்று, "என்னை நம்பிப் பிள்ளையைக் குடுக்காதீங்க. நான் ஒரு பிள்ளையைக் கொன்னவ" என்றாள். அவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார்கள். தெரு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வாசத்தையும் நடையையும் காய்ச்சலையும் சந்தோஷமாக வாங்கிவைத்துக்கொண்ட தெரு, இதை என்ன செய்வது என்று தெரியாமல் குழம்பிற்று. வேறொருத்தரிடம் மாற்றிக்கொடுக்கவும் முடியாது. குருவையா தன்னிடம் இருந்ததைப் பெண்டாட்டியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார், நடக்கவில்லை. உடையவளிடம் சொன்னால்தான் கைமாறும். யாரும் சண்முகக்கனியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைக் காட்ட வருகிறவர்கள் வந்தார்கள், போனார்கள். பாண்டியம்மாள் மட்டும் மாவு அளந்து போடும்போது நிமிர்ந்து பார்க்காமல், "அந்தப் பொண்ணு எலும்பாயிட்டா" என்றாள்.

சண்முகக்கனி ஜெராக்ஸ் கடைப் பக்கம் போவதை நிறுத்தி, பின்தெரு வழியாகச் சுற்றிப் போய்வந்தாள்.

ஒரு மாதத்துக்குமேல் அப்படிப் போயிற்று. ஒரு நாள் காலையில் ஞானம்மா டீச்சரே வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உன்னைக் குறை சொல்ல வரல கனி" என்றார். "நானும் பெத்தவதான். பால் நின்னுபோகுமோன்னு நீ பயப்படுத. அது நியாயந்தான். ஆனா என் பிள்ளைக்கும் ஒரு வயிறு இருக்கு. அது நேத்தும் ஒண்ணும் திங்கல."

"டீச்சர், அன்னைக்கு வாசத்தை வாங்குனதுக்கே பிள்ளை..."

"தெரியும்."

டீச்சர் கோமதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் சண்முகக்கனி பதிலுக்கு ஏதாவது திட்டி மனசைத் தேற்றியிருப்பாள். அந்த 'நல்லா இருக்கா'வை அவளால் ஒன்றும் செய்யமுடியவில்லை. அதைச் சுமந்துகொண்டு அடுக்களைக்குப் போனாள், சோறு வடித்தாள், பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் குடி, இன்னும் கொஞ்சம், என்று தட்டித் தட்டிக் கொடுத்தாள். பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்தெரு வழியாகவே நடந்து ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

எஸ்தர் முன்னறையில் துணி போர்த்திய மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. சண்முகக்கனியைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எஸ்தர், அதை எங்கிட்டச் சொல்லு."

"வேண்டாங்க்கா."

"அது என்னோடது. சொல்லு."

"உங்களுக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியாது" என்றாள் எஸ்தர். "மூடி மட்டும் இல்லக்கா. இன்னும் ஒண்ணு இருக்கு. அதை நான் யாருகிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட. நீங்க பாட்டுக்கு நல்லா இருக்கீங்க. நான் வச்சுக்கிடுதேன். பழகிரும்."

இருபத்தாறு வயதுப் பெண், ஒரு மாதமாக அரைப்பட்டினி கிடந்த முகத்தோடு, தன்மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறாள் என்பது சண்முகக்கனிக்கு உறைத்தது. பிள்ளையை ஞானம்மா டீச்சரின் கையில் கொடுத்தாள். தரையில் சம்மணம்போட்டு உட்கார்ந்தாள். "சொல்லாம நான் போகமாட்டேன்" என்றாள்.

எஸ்தரும் எதிரே உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"காலையில தண்ணி வந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு வந்துச்சு. நான் மூடியைத் தள்ளித் திறந்து ஓஸ் குழாயைப் போட்டேன். அவுக ஷிப்டுக்குப் போயிட்டாக. அவன் என் காலையே சுத்திச் சுத்தி வந்தான், தூக்கிக் காட்டு, தூக்கிக் காட்டுன்னு. அடுப்புல பருப்பு பொங்குற சத்தம் கேட்டுச்சு. நான் உள்ள ஓடுனேன். மூடியைத் திருப்பி இழுக்கணும்னு தோணுச்சு. தோணாம இல்ல. கனமா இருக்குமே, தண்ணி இன்னும் வருதே, ஒரு நிமிசந்தானேன்னு விட்டுட்டேன். அவன் பின்னாலயே வந்து முந்தியைப் புடிச்சு இழுத்தான். சேலை நழுவுச்சு. பருப்பு அடுப்பை அணைச்சிருச்சு. கை சுட்டுருச்சு. நான்... நீங்க திரும்பினீங்க. திரும்பி, கரண்டியை ஓங்கி, 'சனியனே, எங்கயாவது போய்த் தொலை'ன்னீங்க."

எஸ்தர் கண்ணைத் திறந்தாள்.

"நீங்க சொன்னதும் அவன் முந்தியை விட்டுட்டான். அழல. உங்களையே பாத்தான். பாத்துட்டு வெளிய போனான். அப்புறம்..." அவள் புருவத்தைச் சுருக்கினாள். "அப்புறம் என்னக்கா ஆச்சு? எனக்குத் தெரியலையே. நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?"

"அப்புறம் நான் அடுப்பைத் துடைச்சேன்" என்றாள் சண்முகக்கனி. குரல் அவளுடையதுதான். "திரும்பப் பத்தவச்சேன். வெங்காயம் அரிஞ்சேன். தாளிச்சேன். அவன் சத்தமே இல்லாம இருக்கானேன்னு எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. நிம்மதியாத் தாளிச்சேன்."

 பிறகு எஸ்தர் சுற்றுமுற்றும் பார்த்து, தூங்கி எழுந்தவளைப்போல முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, எனக்குப் பசிக்குது" என்றாள். ஞானம்மா டீச்சர் பிள்ளையைச் சண்முகக்கனியின் மடியில் வைத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினார். உள்ளே தட்டு எடுக்கும் சத்தமும், அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தமும் கேட்டன.

கோமதி அழ ஆரம்பித்தாள். அது அழுகை என்பது மட்டும்தான் சண்முகக்கனிக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிள்ளை கத்திக்கொண்டே வந்தது. வேல்ராஜ் மில்லிலிருந்து வந்து பனியனோடு உட்கார்ந்திருந்தான். அவனிடம் நின்றபடியே சொன்னாள். மூடியைச் சொன்னாள், கரண்டியைச் சொன்னாள், போய்த் தொலை என்று சொன்னதைச் சொன்னாள், தாளித்ததைச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.  எழுந்து முற்றத்துக்குப் போனான். போய்விட்டான், இனி தன்னிடம் பேசமாட்டான் என்று அவள் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தான்.

"அந்த மூடி ஒத்தை ஆள் தூக்குற மூடி கெடையாது" என்றான். "தகரத்துல சின்னதா ஒண்ணு அடிச்சுத் தாங்கன்னு நீ கேட்டுக்கிட்டே இருந்த. மில்லுல எம்புட்டுத் தகரம் கெடந்துச்சு. நாளைக்கு, நாளைக்குன்னேன்."

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அவனும் ஆறுதலுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

அழுகை நிற்கவில்லை. மார்பில் பால் சொட்டுக்கூட வரவில்லை. பால்பவுடர் கரைத்துக் கொடுத்தார்கள், கொஞ்சம் குடித்துவிட்டு மறுபடி அழுதது. துணியை மாற்றினார்கள். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். சத்தம் கேட்டுப் பாண்டியம்மாள் வந்தாள், கவிழ்த்துப் போட்டு முதுகைத் தடவினாள். அண்ணாச்சி வாசலில் வந்து நின்று, "நான் வச்சிருக்கிறது வேணும்னா தாரேன் தாயி, அதையும் கேட்டா கொஞ்சம் மனசு ஆறும்லா" என்றார். "இருக்கட்டும் அண்ணாச்சி, இது போதும், இவ வளரட்டும்" என்றாள் சண்முகக்கனி. தெருவில் பாதி வந்துவிட்டது. வயிற்றுவலி என்றார்கள், சூடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள், பல் வரும் வயசா என்று கேட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அழுகையைப் படித்துச் சொன்னவள் நடுவில் நின்று ஒவ்வொருத்தர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிள்ளையின் முகம் சிவந்து கறுத்தது. அவளுக்குத் தெரியும், ஒரு வார்த்தை போதும். 'போ' என்று உள்ளுக்குள் ஒரு தடவை நினைத்தால் பால் வந்துவிடும், காது திறந்துவிடும், பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது தெளிந்த தண்ணீரில் கூழாங்கல்லாகத் தெரியும், எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி சோற்றுத்தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடமுடியாமல் உட்காருவாள். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. கரண்டியை ஓங்கிய அந்தக் கையால் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வேல்ராஜிடமிருந்து பிள்ளையை வாங்கினாள். தலை எந்தப் பக்கம் வைத்தால் அதற்குப் பிடிக்கும் என்பதுகூட இப்போது தெரியவில்லை. இடது பக்கம் வைத்தாள், கத்திற்று, வலது பக்கம் வைத்தாள், கத்திற்று, நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் இறங்கும்வரை பிள்ளை அழுதது. பிறகு தானாகவே ஓய்ந்தது. எதற்காக அழுதது என்று அந்தத் தெருவில் யாருக்கும் கடைசிவரை தெரியவில்லை, சண்முகக்கனிக்கும் தெரியவில்லை. தெரியாமலே தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.